இருபது நிமிடம்: திருகோணமலையில் இசை நிகழ்ச்சி நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோயில் திருவிழா உபயகாரர்களுக்கும், விளையாட்டுக் கழகங்களின் தலைவர், செயலாளர், பொருளாளர்களுக்கும், புத்தாண்டுக்கும் வருட முடிவுக்கும் கடற்கரையில் மேடை போடும் அண்ணாமாருக்கும் தம்பிமாருக்கும்,

வணக்கம்.

இது பாக்கிக் காசு கேட்டு எழுதும் கடிதம் இல்லை. பாக்கி வைத்திருப்பவர்கள் நிம்மதியாக வாசிக்கலாம், அதை வேறாகக் கதைப்போம். நான் கேட்கப்போவது இருபது நிமிடம். உங்கள் மேடையில் பிரதான இசைக்குழு ஏறுவதற்குச் சற்று முன்னால், சனம் வந்து அமர்ந்த பிறகு, இந்த ஊர்ப் பிள்ளைகள் தாங்களே எழுதி மெட்டுப் போட்ட பாட்டுகளைப் பாடுவதற்கு இருபது நிமிடம். ஏன் கேட்கிறேன் என்று சொல்வதற்கு, அமெரிக்காவில் ஒரு துறைமுகப் பட்டினத்தில் பாண்ட் வைத்திருந்த மூன்று பேரைப் பற்றிக் கொஞ்சம் கதைக்க வேண்டியிருக்கிறது. கொஞ்சம் என்று சொல்லிவிட்டுக் கனக்கக் கதைப்பேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னை உங்களில் பலருக்குத் தெரியும். சவுண்ட்ஸ் வாடகைக்கு விடுகிறவன். மேடைக்கு நேர் எதிரே, தறப்பாளுக்குக் கீழே, ஒவ்வொரு வாத்தியத்தின் சத்தத்தையும் கூட்டிக் குறைக்கும் மிக்சருக்குப் பின்னால் இருப்பேன். சத்தம் காணாது என்று நீங்கள் தூரத்தில் நின்று கையைத் தூக்கிக் காட்டுவது என்னிடம்தான். பாட்டுக்காரரை மேடையில் எல்லோரும் பார்க்கிறார்கள். ஆனால் யாருடைய வாத்தியம் கேட்கிறது, யாருடையது கேட்கவில்லை என்பது மிக்சரில் இருப்பவனுக்குத்தான் முதலில் தெரியும். இந்தக் கடிதம் அந்த இடத்திலிருந்து எழுதப்படுகிறது.

கனடாவில் இருக்கும் அக்காவின் மகன் கிற்றார் வாசிப்பான். அவன்தான் மினிட்மென் என்ற அமெரிக்கப் பங்க் ரொக் பாண்டின் பாட்டுகளை அனுப்பி, "மாமா, கேட்டுப் பாருங்கோ, உங்களுக்குப் பிடிக்கும்" என்றான். பிடிக்கவில்லை. கிற்றார், தகரத்தில் ஆணியால் கீறுவது போலக் கேட்டது. பாடுகிறவர் பாதிப் பாட்டைப் பேசியே முடித்தார். காது பழகுவதற்குள் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கியது, அதுவும் ஒன்றரை நிமிடத்தில் முடிந்தது. "நல்லா இருக்கடா" என்று ஒரு செய்தியைத் தட்டி அனுப்பிவிட்டு வேலையைப் பார்க்கப் போனேன்.

பங்க் என்றால் எனக்கு அதுவரை தெரிந்தது வேறு. 1976, 77ஆம் ஆண்டுகளில் லண்டனிலும் நியூயோர்க்கிலும் கிளம்பிய பொடியன்கள், கிழிந்த சட்டை, சட்டையில் ஊக்கு, சாயம் பூசிக் குத்திட்டு நிற்கும் தலைமயிர், கிற்றாரில் மூன்றே மூன்று கோர்ட், நிறைய ஆத்திரம். அந்த வகைப் பாட்டில் எல்லா வாத்தியமும் சேர்ந்து ஒரே சுவராக வந்து முகத்தில் அடிக்கும். மினிட்மென் அப்படியும் இல்லை. சுவர் இல்லை, மெட்டும் பிடிபடவில்லை. பிறகு எதற்கு இது என்றுதான் விட்டிருந்தேன்.

அது திரும்ப என் கைக்கு வந்தது ஒரு பழுதால். கொழும்பில் பாவித்த ஸ்பீக்கர் பெட்டிகள் சிலவற்றை வாங்கி வந்திருந்தேன். பாட்டுப் போட்டால் எங்கோ ஒரு இரைச்சல். எந்தப் பெட்டி, எந்தக் கோன் என்று பிடிபடவில்லை. நாங்கள் வழமையாகச் சோதிக்கப் போடுவது இளையராஜாவின் பாட்டு, இல்லாவிட்டால் ரகுமானின் பாட்டு. அவற்றில் வயலின், கோரஸ், எக்கோ என்று எல்லாம் நிறைந்திருப்பதால் சின்னப் பழுது அதற்குள் ஒளிந்துகொள்ளும். காய்ந்த, எக்கோ இல்லாத, வாத்தியங்கள் ஒன்றோடொன்று ஒட்டாத ஒரு பதிவு தேவைப்பட்டது. போனைத் தட்டிக்கொண்டு போனபோது மருமகனின் பாட்டுகள் அகப்பட்டன. போட்டேன். இடது பக்கத்து மிட் கோன் கிழிந்திருப்பது முதல் பாட்டிலேயே தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு எங்கே பெட்டி இறக்கினாலும் சோதனைக்கு அதுதான். ஏகாம்பரம் மைதானத்தில், உப்புவெளிக் கடற்கரையில், மூதூரில் ஒரு கலியாண மண்டபத்தில். சனம் வருவதற்கு முன், வெயிலில், வயர் இழுத்துக்கொண்டே கேட்கிற பாட்டாக அது ஆகிவிட்டது. கேட்டுக் கேட்டு, ஒரு கட்டத்தில் பெட்டியை விட்டுப் பாட்டைக் கவனித்துக்கொண்டிருந்தேன். வேலைக்கு நிற்கும் தம்பி, "அண்ணே, பெட்டி சரி, இன்னும் ஏன் ஓடுது?" என்று கேட்டபோதுதான் எனக்கே உறைத்தது.

ஏன் வாத்தியங்கள் அப்படிப் பிரிந்து நிற்கின்றன என்று தேடிப் பார்த்தேன். அது தற்செயல் இல்லை, திட்டம் போட்டே செய்திருக்கிறார்கள். கிற்றார் வாசித்துப் பாடியவர் டி. பூன். பேஸ் கிற்றார் மைக் வாட். ட்ரம்ஸ் ஜோர்ஜ் ஹர்லி. வழமையான ரொக் பாண்டில் கிற்றார்காரர் அடி, நடு, மேல் என்று எல்லா இடத்தையும் பிடித்துக்கொள்வார். பேஸ்காரர் அடியில் எங்கோ முனகிக்கொண்டிருப்பார். டி. பூன் தன் கிற்றாரில் அடிச்சத்தத்தை வெட்டி, ட்ரெபிளை மட்டும் கூட்டி வைத்தார். அதனால்தான் எனக்குத் தகரம் போலக் கேட்டது. அப்படி அவர் விட்டுக்கொடுத்த இடத்தில் வாட்டின் பேஸ் வந்து நின்றது. பேஸ் அங்கே பின்னால் நிற்கும் ஆள் இல்லை, பாதி நேரம் மெட்டையே அதுதான் சொல்கிறது. இருவருக்கும் இடையில் ஹர்லியின் ட்ரம்ஸ் நிற்காமல் கதைத்துக்கொண்டிருக்கிறது. மூவரும் சமம் என்பது அந்த பாண்டின் அரசியல். அதைப் பாட்டு வரிகளில் எழுதியதோடு விடாமல் அம்ப்ளிஃபயரின் குமிழிலும் வைத்தார்கள்.

மிக்சருக்குப் பின்னால் இருப்பவனுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கு விளங்குமோ தெரியாது. எங்கள் மேடைகளில் கீபோர்ட்காரர் சத்தத்தைக் கூட்டுவார், அதைப் பார்த்து லீட் கிற்றார் கூட்டும், பிறகு ஒக்டபாட் என்ற மின்சார ட்ரம்ஸ் கூட்டும், கடைசியில் பாடுகிற பிள்ளை தொண்டை கிழியக் கத்தும். பழி எனக்கு வரும். ஒருவர் கேட்பதற்காக இன்னொருவர் தானாகக் குறைத்துக்கொள்வதை நான் என் தொழிலில் மிக அரிதாகத்தான் கண்டிருக்கிறேன்.

சரி, பாட்டு ஏன் இவ்வளவு கட்டை? அதற்கும் காரணம் இருக்கிறது. வயர் என்ற லண்டன் பாண்ட் 1977இல் ஒரே இசைத்தட்டில் 21 பாட்டுகளைப் போட்டிருந்தது. சொல்ல வேண்டியதைச் சொன்னதும் நிறுத்திவிடலாம், பல்லவிக்குத் திரும்பத் திரும்ப வரத் தேவையில்லை என்று அதிலிருந்து இவர்கள் எடுத்துக்கொண்டார்கள். மினிட்மென் தொடங்கியது 1980இல். அந்த வருடமே வந்த முதல் தட்டில் ஏழு பாட்டுகள். ஏழும் சேர்ந்து ஏழு நிமிடம் வராது. அடுத்த வருடம் வந்த அல்பத்தில் 18 பாட்டுகள், கால் மணித்தியாலம். நம்முடைய மேடையில் அறிவிப்பாளர் ஒரு பாட்டை அறிமுகம் செய்து முடிப்பதற்குள் இவர்கள் நாலு பாட்டுப் பாடி இறங்கியிருப்பார்கள். (அறிவிப்பாளர்கள் கோபிக்க வேண்டாம். உங்களுக்கு மைக் தருவதும் நான்தான்.)

1984இல் வந்த டபிள் நிக்கல்ஸ் ஆன் த டைம் என்ற இரட்டை அல்பம்தான் அவர்களின் பெரிய வேலை. நாற்பதுக்கு மேற்பட்ட பாட்டுகள். ஒரு அல்பத்துக்குப் போதுமான பாட்டுகள் கையில் இருந்தன. அந்த நேரத்தில் ஹஸ்கர் டூ என்ற தோழமை பாண்ட் இரட்டை அல்பம் செய்கிறது என்று தெரியவந்தது. அவர்கள் செய்தால் நாங்களும் செய்வோம் என்று உட்கார்ந்து மிச்சப் பாட்டுகளை எழுதி முடித்தார்கள். போட்டியும் இல்லாமல் இல்லை, ஆனால் அதில் பொறாமை தெரியவில்லை. பதிவுச் செலவு மொத்தமாக 1,100 டொலர் அளவில். அன்றைய அமெரிக்கக் கணக்கில் அது பெரிய பாண்டுகளின் சாப்பாட்டுச் செலவுக்கும் காணாது. ஸ்டூடியோ வாடகை குறையும் நடுச்சாமத்தில் போய்ப் பதிவது, ஏற்கெனவே பாவித்த நாடாவை மலிவாக வாங்கிப் பதிவது, முன்கூட்டியே நன்றாகப் பழகிக்கொண்டு போய் ஒன்றிரண்டு தடவையில் முடிப்பது, தட்டில் வர வேண்டிய வரிசையிலேயே வாசித்து வெட்டி ஒட்டும் செலவை மிச்சம் பிடிப்பது என்பதெல்லாம் இவர்களின் பழக்கம். ஊர் ஊராகப் போகும்போது சாமான் தூக்க ஆள் வைத்ததில்லை. வானை ஓட்டியதும் பெட்டி இறக்கியதும் மேடை ஏறியதும் அதே மூன்று பேர். சாமான் தூக்குகிறவனாகச் சொல்கிறேன், இந்த ஒரு விஷயத்துக்கே நான் ரசிகனாகியிருப்பேன்.

இரண்டு தட்டு, நாலு பக்கம் கொண்ட அந்த அல்பத்தில் ஒவ்வொரு பக்கத்துக்கும் பாட்டு வரிசையைத் தீர்மானிக்கும் உரிமையை ஆளுக்கொரு பக்கமாகப் பிரித்துக்கொண்டார்கள். மிஞ்சியதை நாலாம் பக்கத்தில் போட்டார்கள். ஒவ்வொருவரும் தன் காரை ஸ்டார்ட் செய்யும் சத்தத்தோடு தன் பக்கத்தைத் தொடங்குகிறார். அட்டைப் படத்தில் வாட் தன் வோக்ஸ்வாகன் காரை ஓட்டுகிறார், வேகமானி சரியாக 55 மைலில் நிற்கிறது. அன்றைய சட்டப்படியான வேகம் அது. அந்த வேகத்தில் தன்னால் ஓட்ட முடியாது என்று ஒரு ரொக் பாடகர் வீரம் பேசியிருந்தார், அதற்கு இவர்களின் பதில் இது. காரை ஒழுங்காக ஓட்டு, துணிச்சலைப் பாட்டில் காட்டு என்பது இவர்களின் கட்சி. கந்தளாய்ப் பாதையில் தனியார் பஸ்ஸில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போய் வருகிறவர்களுக்கு இந்தக் கட்சி பிடிக்கும்.

அட்டைப் படத்தில் அந்தக் கார் போய்க்கொண்டிருப்பது சான் பீட்ரோவுக்கு. அதுதான் அவர்களின் ஊர். லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தோடு 1909இலேயே இணைக்கப்பட்டுவிட்டது, ஆனால் லொஸ் ஏஞ்சல்ஸ் என்றதும் நம் மனதில் வரும் ஹொலிவூட் அங்கே இல்லை. துறைமுகம், மீன்பிடி, மீன் ரின்னில் அடைக்கும் தொழிற்சாலைகள், கப்பலில் மூட்டை இறக்கிய தொழிலாளர்கள், கடற்படைக் குடும்பங்கள். 1923இல் துறைமுகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்கள் முன்னால் நாட்டின் அரசியலமைப்பை வாசிக்கத் தொடங்கிய எழுத்தாளர் அப்டன் சின்கிளேயரைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போனது அங்கேதான்.

இதை வாசித்தபோது எனக்கு ஊர் மாறிப்போனது. நம்முடையதும் துறைமுகத்தால் உண்டான பட்டினம்தானே. வெள்ளைக்காரனின் கடற்படைக்காக முப்பதுகளில் கட்டப்பட்ட 99 எண்ணெய்த் தாங்கிகள் இன்னும் சீனன்குடாக் காட்டுக்குள் நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பான் விமானங்கள் வந்து குண்டு போட்டதும் இந்தத் துறைமுகத்துக்காகத்தான். 1957இல் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டபோது அதை நம்பி இருந்த எத்தனையோ குடும்பங்களின் பிழைப்பு மாறியது. நேவல் யார்டில் வேலை செய்த பாட்டன், மாவு ஆலைக்குப் போகும் மகன், வள்ளம் வைத்திருக்கும் மச்சான் என்று ஒரே வீட்டுக்குள் கடலைச் சுற்றியே எல்லாம் நடக்கிற ஊர். நாடு முழுக்க இந்தப் பெயர் தெரியும். ஆனால் கோணேசர் கோயிலையும் கோட்டைக்குள் திரியும் மான்களையும் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு நாங்கள் பாடுவோம் என்று தெரியாது.

மைக் வாட்டின் தகப்பனார் கடற்படைக்காரர். அந்த வேலையால்தான் குடும்பம் வர்ஜீனியாவிலிருந்து சான் பீட்ரோவுக்கு வந்தது. அங்கே ஒரு பூங்காவில் வாட் நடந்துகொண்டிருந்தபோது மரத்திலிருந்து ஒரு பொடியன் அவர் முன்னால் குதித்தான். அவன்தான் டி. பூன். பதின்மூன்று வயதுப் பிள்ளைகள். வாத்தியம் வாசிக்கச் சொல்லி ஊக்கம் கொடுத்தவர் பூனின் தாயார். தெருவில் திரிந்து வம்பு தேடாமல் வீட்டுக்குள் இருந்து ஏதாவது வாசிக்கட்டும் என்பது அந்த அம்மாவின் எண்ணம், மகன் கிற்றார், நீ பேஸ் என்று பிரித்துக் கொடுத்ததும் அவர்தான். பேஸ் கிற்றார் என்றால் எப்படி இருக்கும் என்று வாட்டுக்குத் தெரியாது. சாதாரண கிற்றாரில் நாலு கம்பியை மட்டும் விட்டுவிட்டு அதுதான் பேஸ் என்று வாசித்துக்கொண்டிருந்ததாக அவரே பல தடவை சொல்லியிருக்கிறார். பிற்காலத்தில் உலகமெங்கும் பேஸ் வாசிக்கிறவர்கள் பெயர் சொல்லும் ஆள் அவர். நாலு கம்பியும் ஒரு தாயாரும்தான் முதல் முதலீடு.

டி. பூன் எழுதிய ஒரு பாட்டின் இசை உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும், ஜாக்காஸ் என்ற எம்.டி.வி. நிகழ்ச்சிக்கு அதைத்தான் முகப்பிசையாகப் போட்டார்கள். ஆட்கள் விழுந்து எழும்பிச் சிரிக்கும் நிகழ்ச்சி அது. பாட்டோ வேறு விஷயம். மெக்சிக்கோக் கடற்கரைக்குப் போன இடத்தில், குடித்துவிட்டு எறிந்த போத்தல்களைக் காசுக்காகப் பொறுக்கிய ஒரு ஏழைப் பெண்ணைப் பார்த்து எழுதியது. டச்சுக்குடாவில் இசை நிகழ்ச்சி முடிந்து நான் வயர் சுற்றிக்கொண்டிருக்கும்போது சாக்கோடு வந்து போத்தல் பொறுக்குகிறவர்களை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், அதற்குள் வீட்டுக்குப் போயிருப்பீர்கள். நான் பார்ப்பேன். நம் கடற்கரையில் அந்த மனிதர்களைப் பற்றி ஒரு பாட்டும் யாரும் பாடி நான் கேட்டதில்லை. நாங்கள் வாடகைக்குக் கூப்பிடும் குழுக்கள் பாடும் பாட்டுகளில் மதுரை வரும், சென்னை வரும், சுவிற்சர்லாந்து மலையும் வரும். கிண்ணியாப் பாலம் வராது.

சினிமாப் பாட்டு வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அது இல்லாவிட்டால் என் பெட்டிகளுக்குச் சாப்பாடு இல்லை. ஆனால் சொந்தப் பாட்டு நமக்குப் புதிய சங்கதியும் இல்லை. எழுபதுகளில் இலங்கைத் தமிழ்ப் பொப் பாட்டு எப்படி ஓடியது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் என்று பெயர் சொல்வார்கள். ஈழத்து மெல்லிசை மன்னர் என்று அழைக்கப்பட்ட எம். பி. பரமேஷ் நம்முடைய திருகோணமலைக்காரர். அவரும் கோணேஷும் சொந்த மெட்டும் சொந்த வரியுமாகக் குழு நடத்தியவர்கள். இன்றைக்கு அப்படி ஒருவர் பதினெட்டு வயதில் வந்தால் எந்த மேடையில் ஏற்றுவீர்கள்?

ஏற்றவே இல்லை என்று சொல்லமாட்டேன். ஏற்றுகிறீர்கள், பின்னேரம் நாலு மணிக்கு. வெயில் முகத்தில் அடிக்கும், கதிரைகள் வெறுமையாக இருக்கும், எனக்கு இன்னும் பாதி வயர் இழுக்கக் கிடக்கும். ஒரு நிகழ்ச்சியில், எந்த ஊர், எந்தக் கழகம் என்று சொல்லத் தேவையில்லை, மூன்று பொடியன்கள் சொந்தப் பாட்டோடு வந்திருந்தார்கள். இரண்டாவது பாட்டின் நடுவில் ஒருவர் ஏறி, பாதையை மறித்து நிறுத்திய மோட்டார் சைக்கிளின் இலக்கத்தை வாசித்தார். சொந்தக்காரர் வரவில்லை என்று மறுபடியும் வாசித்தார். அதற்குள் பிரதம விருந்தினர் வந்துவிட்டார். பொன்னாடை, மாலை, உரை. பொடியன்கள் கிற்றாரைத் தோளில் போட்டபடியே ஓரமாக நின்றார்கள், பிறகு இறங்கிப் போனார்கள். பாட வந்த பாட்டு பாலையூற்றில் தண்ணீர் வராத நாட்களைப் பற்றியது. நல்ல பம்பலான பாட்டு. பேஸ் வாசித்தவன் மட்டும் வந்து, "அண்ணே, சவுண்ட் நல்லா இருந்துது" என்று சொல்லிவிட்டுப் போனான்.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். சனம் எழும்பிப் போய்விடும் என்பீர்கள். சனம் எதற்கு எழும்புகிறது என்று மிக்சரிலிருந்து பார்க்கிறவன் நான். தெரியாத பாட்டுக்கு எழும்புவதில்லை, நீண்ட உரைக்கு எழும்புகிறது. ஒன்றரை நிமிடப் பாட்டுக்கு எழும்புவதற்கு நேரமும் இல்லை. நேரம் காணாது என்பீர்கள். இரவில் குறித்த நேரத்தோடு ஒலிபெருக்கியை நிறுத்த வேண்டும் என்பது உண்மைதான், ஆனால் வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, சிறப்புரை என்று போவதில் ஒன்றைக் கழித்தால் இருபது நிமிடம் வந்துவிடும். எதை என்று நான் சொல்லமாட்டேன், எனக்கும் நாளைக்கு வேலை வேண்டும்.

மூன்றாவது பயத்தை யாரும் வெளியில் சொல்வதில்லை. பிள்ளைகள் சொந்தமாக எழுதினால் ஏதாவது எழுதிவிடுவார்கள், பிறகு யார் பதில் சொல்வது என்பது. இந்த ஊரில் அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்கும் தெரியும், அதைப் பகிடி பண்ண மாட்டேன். ஆனால் அனுபவத்தில் சொல்கிறேன், பிள்ளைகள் எழுதிக்கொண்டு வருவது தண்ணீர், பஸ், ரியூஷன், காதல், வெளிநாட்டுக்குப் போன அண்ணன். மினிட்மென்னும் யுத்தத்தைப் பற்றியும் முதலாளியைப் பற்றியும் பாடினார்கள், கூடவே தங்கள் சிநேகிதத்தைப் பற்றியும் பாடினார்கள். வேண்டுமானால் வரிகளை முதலே வாங்கி வாசியுங்கள். வாசித்தால் உங்களுக்கும் சிரிப்பு வரும்.

டி. பூன் 1985 டிசம்பர் 22இல் அரிசோனாவில் வான் வாகன விபத்தில் இறந்தார். வயது 27. பாண்டும் அதோடு முடிந்தது. மொத்தமாக ஆறு வருடம்கூட இல்லை. வாட் இனி வாசிப்பதில்லை என்று இருந்தவர். ஒஹையோவிலிருந்து ஒரு ரசிகப் பொடியன் தேடி வந்து நின்று வற்புறுத்தியதில் 1986இல் மறுபடி தொடங்கினார். அந்தப் புதிய பாண்ட் ஃபயர்ஹோஸ். 1997இல் தகப்பனாரின் கடற்படை வாழ்க்கையையும் மினிட்மென்னின் கதையையும் ஒன்றாகப் பின்னி, கப்பலின் இயந்திர அறையில் வேலை செய்யும் மூன்று பேரின் ஒரு நாளாக ஒரு முழு அல்பம் செய்தார். திருகோணமலையில் ஒருவர் செய்திருக்க வேண்டிய அல்பம் அது. கப்பல் இயந்திர அறையில் வேலை செய்து ஓய்வுபெற்றவர்கள் நம் ஒழுங்கைக்கு ஒழுங்கை இருக்கிறார்கள், அவர்களிடம் கதை கேட்கப் போனால் விடியும் வரை விடமாட்டார்கள்.

ஒவ்வொரு தெருவிலும் ஒரு பாண்ட் இருக்க வேண்டும் என்பது டி. பூனின் ஆசை. அவ்வளவு நான் கேட்கவில்லை. நிகழ்ச்சிக்கு ஒரு குழு, இருபது நிமிடம். உங்களுக்குச் செலவு என்று ஒன்றும் இல்லை. மேடை போட்டாயிற்று, லைட் பிடித்தாயிற்று, ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது, பெட்டிகள் எப்படியும் அங்கேதான் நிற்கின்றன. அந்த இருபது நிமிடத்துக்கு நான் சதமும் வாங்கமாட்டேன். பிள்ளைகள் வந்து பழகிப் பார்ப்பதற்காக அன்றைக்கு ஒரு மணித்தியாலம் முந்தியே எல்லாவற்றையும் பூட்டி வைப்பேன். பிரதான குழுவின் ட்ரம்ஸைத் தொட விடமாட்டார்கள் என்றால் என்னுடையதைக் கொண்டுவருவேன். கேட்பது மூன்றே விஷயம். சனம் வந்த பிறகு ஏற்றுங்கள். நடுவில் மோட்டார் சைக்கிள் இலக்கம் வாசிக்க வேண்டாம். பிரதம விருந்தினர் முந்தி வந்துவிட்டால் அவரையும் முன் வரிசையில் இருத்திக் கேட்க விடுங்கள், அவருக்கும் அது ஒரு மாற்றமாக இருக்கும்.

பாண்ட் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். மேடைக்கு வரும்போது கிற்றாரில் ட்ரெபிளைக் கூட்டி வைத்துக்கொண்டு வாருங்கள். பேஸுக்கு உரிய இடத்தை மிக்சரில் நான் பார்த்துக்கொள்கிறேன். பாட்டு கட்டையாக இருந்தால் வெட்கப்பட வேண்டாம்.

குழுக்கூட்டத்தில் இதை வாசித்துச் சம்மதம் என்றால் ஒரு கிழமைக்கு முந்தியாவது சொல்லியனுப்புங்கள். என்னுடைய ட்ரம்ஸ் செட்டின் கிக் பெடல் திருத்தக் கொழும்புக்குப் போயிருக்கிறது, வந்து சேரப் பத்து நாளாகலாம் என்கிறார்கள். அதற்கு முந்திய நிகழ்ச்சி என்றால் கையால் தட்டும் கஹோன் பெட்டியோடு சமாளிப்போம்.

இப்படிக்கு,
மிக்சருக்குப் பின்னால் இருக்கும் சவுண்ட்ஸ்காரன்,
உப்புவெளி, திருகோணமலை.